மறைந்த மின்சாரமும் மறையாத கணக்கும்

(வாசிகசாலை ஒன்றின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



அரசியல் மேடைகளிற் பேசிப் பழகிய நாம் இன்று மின்சாரத்தைப்பற்றிப் பேச வந்திருக்கின்றோம். விஞ்ஞானம் கற்ற ஆசிரியர்கள் பலர் இம்மண்டபத்தில் வீற்றிருக்க, சட்டம் கற்றோருக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வேலை உண்டு என்பதே நமது எண்ணம். ஏனெனில், இன்று மின்சாரத்தைப்பற்றி ஊரெங்கும் உலவும் கதையொன்று விஞ்ஞானக் கதையாகத் தொடங்கிக் குற்றச்சாட்டாக முடிகின்றது. குற்றச்சாட்டு எங்கே எழுகின்றதோ அங்கே சான்று எங்கே என்று கேட்பது நமது தொழில்.

அக்குற்றச்சாட்டு யாது? அதனை மூன்று கூறுகளாகப் பிரித்துரைக்கலாம். பண்டைக்காலத்து மக்கள் மின்சாரத்தை ஆண்டனர் என்பது முதலாவது. அவ்வறிவு அழிந்தது, அல்லது அழிக்கப்பட்டது என்பது இரண்டாவது. எரிபொருளின்றி, செலவின்றி மின்சாரம் தரும் பொறிகள் நம் காலத்தை அடுத்தும் கண்டுபிடிக்கப்பட்டன. பெரும் முதலாளிகள் அவற்றை ஒளித்துவிட்டனர் என்பது மூன்றாவது.

இதனை நம்புவோரை எள்ளி நகையாட நாம் வரவில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இத்தீவிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதம் உயர்த்தப்பட்டது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் உயர்த்தப்பட்டது. பின்னர் கட்டணம் குறைக்கப்பட்டதாயினும், அந்த இருளையும் அந்தக் கட்டணச் சீட்டையும் எவரும் எளிதில் மறந்துவிடார். இருளில் அமர்ந்திருப்பவன் தன்னை யாரோ வஞ்சிக்கின்றார்கள் என்று எண்ணுவது இயல்பே. வஞ்சனை எதுவுமே இல்லை என்று நாமும் சொல்லவில்லை. யாரால், எவ்வாறு என்பதே வினா.

1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் இந்நாட்டு நீதிமன்றுகளில் இன்றும் நின்று நிலவுகின்றது. ஒன்று உண்டென்று சாதிப்பவரே அதனை எண்பித்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை விதிகளுள் ஒன்று. அவ்விதியைக் கையிற் கொண்டு சான்றுப் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

பக்தாத்துச் சாடி

பக்தாத் நகருக்கு அண்மையிலுள்ள குஜுத் ராபு என்னுமிடத்தில் 1936இல் ஒரு மண்சாடி அகப்பட்டது. ஒரு சாணுக்கும் குறைந்த உயரமுடைய அச்சாடியினுள்ளே செப்புத் தகட்டாலான குழாய் ஒன்றும், அதனுள் ஓர் இரும்புக் கோலும் இருந்தன. சாடியின் வாய் நிலக்கீலால் அடைக்கப்பட்டிருந்தது. ஈராக்கிய அரும்பொருட்சாலையிற் பணிபுரிந்த வில்கெல்ம் கோனிக் என்னும் ஜெர்மானியர், இது மின்கலமாக இருத்தல் கூடும் என்று 1938இல் எழுதினார். "பக்தாத் பற்றரி" என்ற பெயர் அன்று தொடங்கி உலகெங்கும் பரவியது.

இதுபோன்ற சாடி ஒன்றைச் செய்து காடியை ஊற்றினால் ஒரு வோல்ட்டுக்கும் குறைந்த மின்னழுத்தம் கிடைக்கும் என்பது உண்மையே. எலுமிச்சம்பழத்தில் இரும்பாணியையும் செப்புக் கம்பியையும் செருகினாலும் அது கிடைக்கும். கிடைக்கக்கூடும் என்பது வேறு. அக்காலத்து மக்கள் அதனைப் பெற்றுப் பயன்படுத்தினர் என்பது வேறு. பயன்படுத்தினராயின் கம்பி எங்கே? அதனால் இயங்கிய கருவி எங்கே? அகழ்ந்த இடத்தில் இரண்டும் இல்லை. செப்புக் குழாயை நிலக்கீல் முழுதும் மூடியிருந்தமையால் கம்பியைத் தொடுப்பதற்கும் இடமில்லை. பொன்முலாம் பூச மின்சாரம் வேண்டியிருந்தது என்பர். பண்டையோர் பாதரசத்தைக் கொண்டு தீயிலிட்டுப் பொன்முலாம் பூசினர் என்பது பொருள்களை ஆய்ந்து அறியப்பட்ட செய்தி. அயலிலுள்ள செலூக்கியாவில் அகப்பட்ட இத்தகைய சாடிகளிலே பப்பைரசுத் தாளின் எச்சங்கள் காணப்பட்டன. எழுதிய சுருளைப் பேணி வைக்கும் கலம் என்று கொள்வதற்கே சான்று மிகுதி.

கோயிற் சிற்பமும் விளக்குத் திரியும்

அடுத்தது எகிப்து. தெந்தேராவிலுள்ள ஹதோர் தேவியின் கோயிலிலே நிலவறைச் சுவரொன்றில் ஒரு சிற்பம் உண்டு. நீண்ட குமிழ் போன்ற ஓர் உருவம், அதனுள்ளே நெளியும் பாம்பு, அடியில் ஒரு தாமரை, தாங்கி நிற்கும் ஒரு தூண். இதனைக் கண்டு மின்குமிழ் என்கின்றனர். ஆனால் அச்சிற்பத்தின் அருகிலேயே அதன் பொருளை உரைக்கும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. தாமரையினின்று பாம்புருவில் எழும் தெய்வத்தையே அவை பேசுகின்றன. ஆவணமே வாய்திறந்து பேசும்போது அதன் வாயைப் பொத்திவிட்டுப் படத்தை மட்டும் காட்டி வாதிடும் நியாயவாதியை எந்த நீதிபதி பொறுப்பார்?

"தீப்பந்தம் ஏற்றியிருந்தால் கல்லறைச் சுவர்களிற் புகைக்கரி படிந்திருக்குமே" என்று அடுத்த வினாவை விடுப்பர். கல்லறைகளை அகழ்ந்த தொழிலாளர் வாழ்ந்த தெய்ர் எல்-மதீனா என்னும் ஊரிலே, வேலைக்கென வழங்கப்பட்ட விளக்குத் திரிகளின் கணக்கு எழுதப்பட்ட ஓட்டுத் துண்டுகள் கிடைத்துள்ளன. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய களஞ்சியக் கணக்கு அது! தெந்தேராக் கோயிலின் கூரையோ கரிபடிந்து கறுத்துக் கிடந்தது. அண்மைக்காலத்திலேதான் துப்புரவு செய்யப்பட்டு அதன் வண்ணங்கள் வெளிப்பட்டன.

அகத்தியர் பெயரால்

இனி நம்மவர்க்கு நெருக்கமான சான்றுக்கு வருவோம். அகத்திய சம்கிதை என்ற வடமொழி நூலொன்றில் மின்கலம் செய்யும் முறை சொல்லப்பட்டுள்ளது என்கின்றனர். செப்புத் தகடு, மயில்துத்தம், ஈர மரத்தூள், பாதரசம் பூசிய நாகம் என்று பொருள்களும் நிரல்பட வருகின்றன. அகத்தியர் பெயரைக் கேட்டால் நம்மவர் உள்ளம் நெகிழும். நெகிழ்ச்சி சான்றாகாது.

செம்பும் மயில்துத்தமும் நாகமும் சேர்ந்த மின்கலத்தை ஜோன் டானியல் என்னும் ஆங்கிலேயர் 1836இல் ஆக்கினார். நாகத் தகட்டிற் பாதரசம் பூசுவதும் 19ஆம் நூற்றாண்டின் மின்கல வேலைப்பாட்டிற்குரிய வழக்கமே. காலம் கணிக்கப்பட்ட பழைய ஏட்டுச்சுவடியை முன்வைத்து அவ்வடிகள் அகத்தியர் காலத்தன என்று எவரும் நிறுவினாரில்லை. பழைய உறுதி என்று கொண்டுவரப்பட்ட பத்திரத்தின் வாசகம் நேற்றைய அச்சுப் படிவத்தோடு சொல்லுக்குச் சொல் பொருந்துமாயின், அதனை முதலில் ஐயுறுவதே முறை. நம்முன்னோர்க்கு இல்லாத பெருமையை ஏற்றிக்காட்டுவோர் அவர்களுக்கு உள்ள பெருமையையும் ஐயத்துக்கு உள்ளாக்குகின்றனர் என்பதே நமது வருத்தம்.

காற்றை ஆண்ட கொல்லர்

அவ்வாறாயின் மறைந்துபோன பண்டை எரிசக்தி நுட்பம் என்று ஒன்றுமே இல்லையா? உண்டு அன்பர்களே, நமது தீவிலேயே உண்டு.

பலாங்கொடைக்குத் தெற்கே சமனலவெவ என்னுமிடத்தில் நீர்மின் நீர்த்தேக்கம் அமைக்கத் திட்டமிட்டபோது, நீரில் மூழ்கவிருந்த நிலத்தைத் தொல்பொருளாய்வாளர் தேடி ஆராய்ந்தனர். கில் ஜூலெப் என்னும் ஆங்கிலேய அம்மையார் அங்கே மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் இரும்புருக்கும் உலைகளின் எச்சங்களைக் கண்டார். உலைகள் ஏன் மேற்கே பார்த்து நிற்கின்றன? தென்மேற்குப் பருவக்காற்று அத்திசையினின்று அறைந்து வீசுகின்றது. துருத்தி ஊதுவதற்கு ஆளை வைக்காமல், மலைமுகட்டில் மோதும் காற்றைக் கொண்டே உலையை ஊதச்செய்தனர் அப்பழங்கொல்லர்.

இதனைச் சொல்லிவிட்டு அம்மையார் அமரவில்லை. அதே அளவில் உலைகளைக் கட்டி, அதே காற்றுக்காகக் காத்திருந்து, இரும்பை உருக்கிக் காட்டினார். கரிச்சத்து மிகுந்த உருக்கும் கிடைத்தது. 1996இல் "நேச்சர்" என்னும் விஞ்ஞான இதழிலே ஆய்வுமுடிவு வெளிவந்தது. கி.பி. முதலாம் ஆயிரத்தாண்டிலே இத்தீவினர் காற்றின் ஆற்றலால் உருக்கு வார்த்தனர் என்பதை உலகம் ஏற்றுக்கொண்டது.

இவ்விரண்டையும் ஒப்புநோக்குக. சமனலவெவவிலே கசடு கிடந்தது, உலைச்சுவர் கிடந்தது, ஊதுகுழாய் கிடந்தது, மீண்டும் செய்துபார்த்தபோது இரும்பும் வந்தது. உண்மையாக வாழ்ந்த ஒரு தொழில் தன் குப்பையை விட்டுச்செல்லும். ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் அக்குப்பை சாட்சி சொல்லும். எகிப்தியர் மின்விளக்கு எரித்திருந்தால் உடைந்த குமிழொன்றேனும், ஒரு முழக் கம்பியேனும் மணலிற் கிடந்திருக்கும்.

டெஸ்லாவின் கோபுரம்

மூன்றாவது கூறுக்கு வருவோம். இதில் எல்லோரும் எடுத்துரைக்கும் பெயர் நிக்கோலா டெஸ்லா. ஆடலோட்ட மின்சாரத்தை உலகுக்குப் பயன்படச் செய்தவர்களுள் தலையாயவர், பெருமேதை. அவர் 1901இல் நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்டிலே வார்டன்கிளிவ் என்னுமிடத்தில் ஒரு கோபுரம் எழுப்பத் தொடங்கினார். வங்கி முதலாளி ஜே. பி. மோர்கன் 150,000 டொலர் தர உடன்பட்டார். பின்னர் பணத்தை நிறுத்தினார். 187 அடி உயர்ந்த அக்கோபுரம் 1917இல் இடிக்கப்பட்டது. "இலவச மின்சாரத்தை உலகுக்குத் தரவிருந்தார், மானி பொருத்த முடியாதென்று மோர்கன் தடுத்துவிட்டார்" என்பது கதை.

பத்திரங்கள் சொல்வது யாது? மோர்கன் பணம் தந்தது அத்திலாந்திக்குக் கடலுக்கு அப்பால் கம்பியில்லாத் தந்தி அனுப்புவதற்கு. 1901 டிசம்பர் மாதத்தில் மார்க்கோனி மிகக் குறைந்த செலவில் அக்கடலைக் கடந்து குறியொலி அனுப்பிவிட்டார். டெஸ்லாவோ திட்டத்தை விரித்து மேலும் பணம் கேட்டார். 1903 ஜூலையில் மோர்கன் மறுத்தெழுதினார். மானியைப்பற்றி அவர் சொன்னதாக உலவும் கூற்றுக்கு ஆவணச் சான்று காட்டப்பட்டதில்லை.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். அக்கோபுரம் மின்சாரத்தை ஆக்கும் பொறியன்று; ஆக்கிய மின்சாரத்தைக் கம்பியின்றி அனுப்புவதற்கென எண்ணப்பட்டது. அதன் பக்கத்திலே நிலக்கரியெரிக்கும் கொதிகலனும் மின்பிறப்பாக்கியும் இருந்தன. கரிக்கு விலையுண்டு, கரி வெட்டுபவனுக்குக் கூலியுண்டு. கம்பி இல்லாமற் போனாற் கணக்கும் இல்லாமற் போய்விடுமா?

1943 ஜனவரியில் டெஸ்லா காலமானபோது அமெரிக்க அரசு அவருடைய தாள்களைக் கைப்பற்றியது உண்மை. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஜோன் ட்ரம்ப் அவற்றைப் பார்வையிட்டு, அவருடைய இறுதிக்காலக் குறிப்புகள் பெரும்பாலும் ஊகங்களே, செயற்படக்கூடிய புதிய முறைகள் அவற்றில் இல்லை என்று அறிக்கை தந்தார். அத்தாள்கள் பின்னர் பெல்கிரேட் நகருக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள டெஸ்லா அரும்பொருட்சாலையில் இருக்கின்றன. அவருடைய ஆடலோட்ட மின்சாரத்தை எவரும் ஒளிக்கவில்லை. 1888இல் வெஸ்டிங்ஹவுஸ் விலைகொடுத்து வாங்கினார். இன்று இம்மண்டபத்து விளக்குகளும் அதனாலேயே எரிகின்றன. முதலாளி என்பவன் இலாபம் தரும் பொறியைப் புதைப்பதில்லை, விற்பான்.

நீதிமன்று ஏறிய பொறிகள்

இலவசப் பொறிகள் நீதிமன்றும் ஏறியிருக்கின்றன. ஜோசப் நியூமன் என்னும் அமெரிக்கர், உட்செல்லும் மின்சாரத்தைவிட அதிகம் வெளிவிடும் பொறி தம்மிடம் உண்டென்று 1979இல் காப்புரிமை கேட்டார். கிடைக்காமற் போகவே வழக்குத் தொடுத்தார். 1986இல் அமெரிக்காவின் தேசிய நியமங்கள் பணியகம் அப்பொறியைச் சோதித்தது. உட்சென்றதைவிட வெளிவந்தது ஒவ்வொரு முறையும் குறைவாகவே இருந்தது. 1989இல் மேன்முறையீட்டு நீதிமன்று காப்புரிமை மறுக்கப்பட்டது சரியே என்று தீர்த்தது. தண்ணீரால் மோட்டார் வண்டி ஓட்டுவேன் என்ற ஸ்டான்லி மேயர்மீது அவரிடம் பணம் முதலிட்ட இருவர் வழக்கிட்டனர். நிபுணர் பார்த்தபோது அது வழமையான மின்பகுப்பாகவே இருந்தது. 1996இல் ஒகையோ நீதிமன்று அது வஞ்சனை என்று கண்டு, பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் பணித்தது. அங்கே வஞ்சிக்கப்பட்டவர் கைப்பணத்தைக் கொடுத்த எளியவர் என்பதை மறத்தலாகாது.

"ஆனால் முதலாளிகள் கூடிச் சதிசெய்வதே இல்லையா?" என்று கேட்பீர்கள். செய்வார்கள். செய்தும் இருக்கின்றார்கள். 1924 டிசம்பரில் ஜெனீவா நகரிலே ஒஸ்ராம், பிலிப்ஸ் முதலான மின்குமிழ்க் கொம்பனிகள் "பீபஸ்" என்ற கூட்டமைப்பை நிறுவின. சந்தையைப் பங்கிட்டுக்கொண்டன. குமிழின் ஆயுள் 1,000 மணித்தியாலம் என்று வரையறுத்தன. அதற்கு மேல் நீடித்து எரியும் குமிழைச் செய்த உறுப்புக் கொம்பனிக்குத் தண்டம் விதித்தன. ஆயுள் குறைந்தால் ஒளி பெருகும் என்ற பொறியியல் நியாயமும் அவர்களுக்கு இருந்தது; ஆயினும் தண்டத்தின் நோக்கம் விற்பனையே என்பதை மறைத்தல் அரிது.

இது நமக்கு எவ்வாறு தெரிந்தது? ஒப்பந்தங்கள் கிடைத்தன, தண்டக் கணக்குகள் கிடைத்தன, 1949இல் அமெரிக்க நீதிமன்று ஆராய்ந்தது, 1951இல் பிரித்தானிய ஏகபோக ஆணைக்குழு அறிக்கை வெளியிட்டது. உண்மைச் சதியும் சமனலவெவ உலையைப்போலத் தன் கசடை விட்டே செல்கின்றது.

உலகில் மிகக் கடுமையாகக் காக்கப்பட்ட இரகசியம் அணுகுண்டு. 1945இல் அமெரிக்கா வெடித்தது. 1949இல் சோவியத்து நாடும் வெடித்தது. நான்கே ஆண்டுகள்! ஒன்றையொன்று அழிக்க நின்ற வல்லரசுகள், எண்ணெயின்றி இயங்கும் பொறியை மட்டும் நூறாண்டாக ஒருமித்து ஒளித்துவைத்தனவா? 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது பிரான்சு தேசம் பெரும்பணம் செலவிட்டு அணுமின் நிலையங்களை ஏன் கட்டியது?

இருளை நீக்கியது எது?

எளிய மக்களின் இருள் எவ்வாறு நீங்கியது என்பதற்கும் வரலாறு உண்டு. 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கமக்காரரிற் பத்திலொருவர் வீட்டிலேதான் மின்சாரம் இருந்தது. தூரத்துக் கிராமங்களுக்குக் கம்பியிழுத்தால் இலாபமில்லை என்று தனியார் கொம்பனிகள் கைவிரித்தன. 1935இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராம மின்வழங்கல் நிருவாகத்தை நிறுவினார். 1936இற் சட்டம் வந்தது. கமக்காரர் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து, அரச கடன் பெற்று, தாமே கம்பம் நட்டனர். 1950களின் தொடக்கத்திலே பத்தில் ஒன்பது கமக்காரர் வீட்டில் விளக்கெரிந்தது. எந்த மறைந்த பொறியையும் அவர்கள் தேடிப் போகவில்லை. கம்பி யாருடையது, கட்டணம் எவ்வளவு, அதனை யார் தீர்மானிப்பது என்று கேட்டார்கள். சட்டத்தால் விடை பெற்றார்கள்.

இக்கதையை நாம் பெரிதாக எடுத்துப் பேசுவதன் காரணம் இதுவே. எங்கோ ஓர் இரும்புப் பெட்டியுள் இலவசப் பொறி பூட்டியிருக்கின்றது என்று நம்புகின்றவன், தன் கண்ணெதிரே கிடக்கும் கணக்கைக் கேளாது விடுகின்றான். கட்டணத்தை உயர்த்துவோருக்கு அவனைவிட வசதியான குடிமகன் கிடையான். அவன் கோபம் நியூயோர்க்கில் என்றோ இறந்த மோர்கனைச் சுடுகின்றது. இங்கே உயிரோடிருப்போர் எவரையும் தொடுவதில்லை.

நமது தீவிலே காற்று இன்றும் இலவசமாகவே வீசுகின்றது. மன்னாரிலே "தம்பபவனி" என்ற பெயரில் 103.5 மெகாவாற்று வலுவுள்ள காற்றாலை இயங்குகின்றது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக் காற்றாலைகள் அமைப்பதற்கு இந்தியாவின் அதானி கொம்பனியுடன் 2024இல் அலகொன்று 8.26 அமெரிக்க சதம் என்ற விலை இணங்கப்பட்டது. விலை பேசப்பட்ட முறையையும், பறவைகளின் வழித்தடத்துக்கு நேரும் கேட்டையும் கேள்விக்குட்படுத்தி மன்னார் ஆயரும் சூழல் அமைப்புகளும் அவ்வாண்டு உயர் நீதிமன்றை நாடினர். விலையை மீண்டும் பேச அரசு முற்பட்டபின், 2025 பெப்ரவரியில் அக்கொம்பனி விலகிக்கொண்டது. இத்திட்டம் நன்றா தீதா என்று இங்கே நாம் தீர்ப்புரைக்கவில்லை. காற்று இலவசமாயினும் நிலமும் பொறியும் கம்பியும் விலையும் இலவசமல்ல என்பதையும், அவற்றைப்பற்றிக் கேள்வி கேட்க மக்களுக்கு வழியுண்டு என்பதையும் அது காட்டுகின்றது.

இளைஞர்களே, மின்கட்டணத்தை மாற்றுமுன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு எழுத்திலும் வாய்மொழியிலும் பொதுமக்கள் கருத்தைக் கேட்கின்றது. அவ்விசாரணைக்கு நம் ஊரிலிருந்து எத்தனைபேர் போனார்கள்? எத்தனை மனுக்கள் எழுதினோம்? இந்த வாசிகசாலையின் மேசையிலே கட்டண அறிவித்தலின் படியொன்று இருக்கட்டும். எரிபொருளுக்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு, வீண்விரயத்துக்கு எவ்வளவு என்று கணக்குத் தெரிந்த ஆசிரியர்கள் இளைஞர்களோடு அமர்ந்து படித்துக் காட்டட்டும். அடுத்த விசாரணைக்குரிய நாள் அறிவிக்கப்படும்போது நமது மனு முதலாவதாகப் போகட்டும். அதனை எழுதுவதற்குச் சட்ட உதவி வேண்டுமாயின் கூலியின்றிச் செய்துதர நாம் ஆயத்தமாக இருக்கின்றோம்.